கடலடி எண்ணெய்க் கசிவும் ரிலீஃப் கிணறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக் (கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை) வெடித்து 11 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் ரிக் மூழ்கியது. அதன் அடியில் இருந்த மகோண்டோ கிணறு 87 நாள் எண்ணெயைக் கடலில் கொட்டியது. அந்த மாதங்களில் செய்தி பார்த்த எல்லோர் காதிலும் விழுந்த பெயர் ரிலீஃப் கிணறு. ‘அது முடிந்தால்தான் விமோசனம்’ என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னார்கள். அது என்ன, ஏன் அவ்வளவு நாள் இழுத்தது, உண்மையில் அதுதான் கசிவை நிறுத்தியதா என்பதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

ரிலீஃப் கிணறு என்றால் என்ன?

கட்டுமீறிப் பீறிடும் கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு கிணறு தோண்டுவார்கள். முதலில் நேராக இறங்கும். பிறகு மெல்லச் சாய்ந்து, பழைய கிணற்றின் அடிப்பகுதியைப் போய்த் தொடும். தொட்ட இடத்தின் வழியாகக் கனமான சேற்றைச் செலுத்தி எண்ணெயின் வேகத்தை அடக்குவார்கள். அப்புறம் சிமெண்ட். அவ்வளவுதான் அடிப்படை.

நம் ஊரில் போர் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்த விஷயம். துளை போட்டுக்கொண்டே போய், பக்கச் சுவர் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்குவதுதான் இங்கேயும் நடக்கிறது. ஆனால் எண்ணெய்க் கிணற்றில் அந்தக் கேசிங் இரும்பு. மேலே அகலமாகத் தொடங்கி, கீழே போகப் போக ஒன்றுக்குள் ஒன்றாகக் குறுகிக்கொண்டே போகும். மகோண்டோவின் அடிமட்டத்தில் இருந்தது 7 அங்குலக் குழாய். சுற்றிலும் சிமெண்ட் பூச்சு. ரிலீஃப் கிணறு தேடிப் போக வேண்டியது கடலின் மேற்பரப்பிலிருந்து சுமார் 5,500 மீட்டர் கீழே இருக்கும் இந்தக் குழாயைத்தான்.

மேலேயே ஒரு மூடியைப் போட்டு அடைக்க முடியாதா?

முடியும், சில நேரம். மகோண்டோவில் கடைசியில் அதுதான் நடந்தது. ஆனால் அதற்கு முன் பட்ட பாட்டைப் பார்த்தால், ரிலீஃப் கிணற்றை ஏன் முதல் வாரத்திலேயே தொடங்கச் சொல்கிறார்கள் என்பது புரியும்.

மே மாதத் தொடக்கத்தில் சுமார் நூறு டன் எடையுள்ள இரும்புக் கூண்டு ஒன்றை 1,500 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிக் கசிவின் மேல் கவிழ்த்தார்கள். அந்த ஆழத்தில் தண்ணீர் உறைநிலையை ஒட்டிய குளிர்ச்சி, அழுத்தமும் அதிகம். எண்ணெயோடு வந்த மீத்தேன் வாயுவும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாக உறைந்து கூண்டின் வாயை அடைத்துவிட்டன. மே கடைசியில் கிணற்றின் தலைப்பகுதி வழியாகக் கனமான சேற்றைத் திணித்துப் பார்த்தார்கள். கூடவே கோல்ஃப் பந்து, கிழித்த டயர்த் துண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே அனுப்பினார்கள். மூன்று நாளில் தோல்வி என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

இதில் வேடிக்கை, 1979-ல் மெக்சிகோவின் இக்ஸ்டாக் 1 கிணறு பீறிட்டபோதும் கிட்டத்தட்ட இதே வித்தைகளைத்தான் செய்தார்கள். அப்போது இரும்பு, ஈயக் குண்டுகள். ‘சோம்பிரேரோ’ என்று பெயர் வைத்த மாபெரும் இரும்புக் கூம்பு. அங்கே தண்ணீரின் ஆழம் 50 மீட்டர்தான். அப்படியிருந்தும் கிணறு அடங்க ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது. 1979 ஜூன் 3-ல் தொடங்கியது 1980 மார்ச் 23-ல்தான் நின்றது. இரண்டு ரிலீஃப் கிணறு தோண்ட வேண்டி வந்தது.

வெறும் சேறு எப்படி அவ்வளவு அழுத்தத்தை அடக்குகிறது?

இங்கே சேறு என்பது வயல் சேறு அல்ல. தண்ணீரிலோ செயற்கை எண்ணெயிலோ களிமண்ணையும் பாரைட் என்ற கனமான கனிமத் தூளையும் கலந்து, எடையைத் துல்லியமாகக் கணக்கிட்டுத் தயாரிக்கும் திரவம். பாரைட் தண்ணீரைவிட நாலு மடங்குக்கு மேல் கனமானது. (உலகின் பெரிய பாரைட் படிவங்களில் ஒன்று பக்கத்து ஆந்திராவின் மங்கம்பேட்டையில் இருக்கிறது. அங்கிருந்து எண்ணெய்க் கிணறுகளுக்காக வெளிநாடுகளுக்குப் போகிறது.)

மகோண்டோவையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்ணெய்ப் படுகையின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 12,000 பவுண்டு. காற்று நம்மேல் செலுத்தும் அழுத்தத்தைப்போல் சுமார் 800 மடங்கு. தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆகவே கடல்தரை வரை இருக்கும் 1,500 மீட்டர் தண்ணீர் 150 மடங்கு அழுத்தத்தைத் தருகிறது. மிச்சம் 650. கடல்தரைக்குக் கீழே கிணற்றின் நீளம் 4,000 மீட்டர். அதில் வெறும் தண்ணீரை நிரப்பினால் 400-தான் வரும், எண்ணெய் அதைத் தள்ளிக்கொண்டு மேலே வந்துவிடும். தண்ணீரைவிட 1.6 மடங்குக்கு மேல் கனமான சேற்றை நிரப்பினால் 650 வந்துவிடுகிறது. அப்போது கீழிருந்து தள்ளும் விசையும் மேலிருந்து அழுத்தும் எடையும் சமமாகி, எண்ணெய் நகராமல் நிற்கும்.

பார்க்கப்போனால் எல்லா எண்ணெய்க் கிணறும் தோண்டும்போது இப்படித்தான் அடக்கி வைக்கப்படுகிறது. சேற்றின் எடை குறைந்தாலோ, அடியில் சிமெண்ட் சரியாகப் பிடிக்காத நிலையில் சேற்றை எடுத்துவிட்டுக் கடல்நீரை நிரப்பினாலோ விபத்து. மகோண்டோவில் நடந்தது இரண்டாவது.

அதே சேற்றை மேலிருந்து ஊற்றினால் என்ன? ஏன் அடியில்தான் போக வேண்டும்?

மேலே திறந்த வாய் இருக்கிறது. அங்கே ஊற்றும் சேறு, எதிரே சீறி வரும் எண்ணெயோடு சேர்ந்து அந்த வாய் வழியாகவே கடலுக்குப் போய்விடும். மே மாத முயற்சி தோற்றதற்கு முக்கியக் காரணம் இதுதான். அந்தச் சமயத்தில் அதிகாரபூர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்த கசிவு நாளொன்றுக்கு 5,000 பேரல். பிறகு அரசின் விஞ்ஞானிகள் கணக்கிட்டது 50,000-க்கும் மேல். பத்து மடங்கு ஓட்டத்தை எதிர்த்து ஊற்றினால் சேறு எங்கே தங்கும்?

அடியில் நுழைத்தால் கதை வேறு. எண்ணெய் தன் வேகத்திலேயே சேற்றை இழுத்துக்கொண்டு கிணற்றின் முழு நீளத்துக்கும் ஏறும். ஏற ஏறக் குழாயில் இருக்கும் கலவை கனக்கும். போதாததற்கு, பம்பை வேகமாக ஓட்டினால் கலவை குழாய்ச் சுவரில் உரசும் உராய்வே கீழ்நோக்கி ஒரு கூடுதல் அழுத்தமாக வேலை செய்யும். இந்த உராய்வை நம்பி முதலில் இலகுவான திரவத்தை அதிவேகமாகச் செலுத்தி ஓட்டத்தை நிறுத்துவது, நின்ற பிறகு கனமான சேற்றை நிரப்புவது என்ற முறையை 1978-ல் சுமாத்ராவின் அருண் எரிவாயு வயலில் மொபில் நிறுவனத்தின் பொறியாளர்கள் கையாண்டார்கள். ‘டைனமிக் கில்’ என்று அதற்குப் பெயர். இன்றைக்கு ரிலீஃப் கிணற்றைத் திட்டமிடும்போது பம்பின் திறனிலிருந்து குழாயின் அகலம் வரை எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான்.

ஒரு சிக்கல் உண்டு. வேகம் கூடினால் அழுத்தம் பாறையின் தாங்குசக்தியைத் தாண்டிவிடும். பாறை விரிசல் விட்டால் சேறு கிணற்றில் ஏறாமல் பாறைக்குள் போய்விடும். எண்ணெயை அடக்கும் அளவுக்கு அதிகமாக, பாறையைப் பிளக்காத அளவுக்குக் குறைவாக, அந்த இடைவெளிக்குள்தான் நிற்க வேண்டும்.

அத்தனை ஆழத்தில் ஒரு குழாயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ரிலீஃப் கிணற்றின் உண்மையான கஷ்டம் இதுதான். தோண்டுவது உலகம் முழுக்கத் தினமும் நடக்கிற வேலை. தேடிப் பிடிப்பதுதான் அபூர்வம்.

கிணறு தோண்டும்போது குறிப்பிட்ட இடைவெளிகளில் அது எந்தத் திசையில், எவ்வளவு சாய்ந்து போகிறது என்று அளந்து பதிவு செய்வார்கள். பாறையைக் குடையும் முனையான பிட்டுக்குப் பின்னால் இருக்கும் கருவி புவியின் காந்தப்புலத்தையும் ஈர்ப்பையும் வைத்து இதைச் சொல்லும். ஒவ்வோர் அளவிலும் இத்துனூண்டு பிழை இருக்கும். அது கீழே போகப் போகச் சேர்ந்துகொண்டே வரும். நாலைந்து கிலோமீட்டர் ஆழத்தில் ‘கிணறு இங்கே இருக்கிறது’ என்று காகிதம் சொல்லும் இடத்துக்கும் அது நிஜமாக இருக்கும் இடத்துக்கும் பல மீட்டர் வித்தியாசம் இருக்கலாம். புதுக் கிணற்றுக்கும் இதே பிழை உண்டு. இரண்டையும் கூட்டினால், சில அங்குலம் அகலமுள்ள குழாயைத் தேடுவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

இங்கேதான் இரும்புக் கேசிங் கைகொடுக்கிறது. புதுத் துளைக்குள் ஒரு கம்பியில் கட்டி, ஒரு மின்முனையையும் அதற்குச் சற்றுத் தள்ளிக் கீழே ஒரு காந்த உணர்கருவியையும் இறக்குவார்கள். மின்முனை பாறைக்குள் மாறுதிசை மின்சாரத்தைப் பாய்ச்சும். பாறை சுமாரான கடத்தி, இரும்பு அருமையான கடத்தி. எனவே சிதறிப் பரவும் மின்சாரத்தில் ஒரு பகுதி பக்கத்தில் இருக்கும் கேசிங்கில் ஏறி அதன் வழியே ஓடும். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் வளைய வளையமாக உண்டாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். உணர்கருவி அந்தப் புலத்தின் திசையையும் பலத்தையும் அளந்து, ‘குழாய் இந்தப் பக்கம், இவ்வளவு தூரத்தில்’ என்று சொல்லிவிடும். சில பத்து மீட்டர் தூரத்திலிருந்தே இது எட்டும். நெருங்க நெருங்கத் துல்லியம் கூடும். கார்னெல் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஆர்தர் குக்ஸ் 1980-களில் தொழில்முறையாக வளர்த்த முறை இது. அவர் தொடங்கிய வெக்டர் மேக்னெட்டிக்ஸ் நிறுவனம்தான் மகோண்டோவிலும் வழிகாட்டியது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். இலக்குக் கிணற்றில் இரும்பு இல்லாத பகுதியை இந்த முறையில் பிடிக்க முடியாது. அதனால்தான் கேசிங் முடியும் இடத்தை ஒட்டி இலக்கு வைக்கிறார்கள்.

கிணற்றை எப்படிச் சாய்த்துத் தோண்டுகிறார்கள்?

பிட்டை ஒட்டிச் சேற்றின் ஓட்டத்தால் சுழலும் ஒரு மோட்டார் இருக்கும். அதன் உடல் ஒன்றிரண்டு டிகிரி வளைந்திருக்கும். மேலே குழாயைச் சுழற்றாமல் மோட்டாரை மட்டும் ஓட்டினால் வளைந்த பக்கமாகவே துளை போகும். குழாயையும் சேர்த்துச் சுழற்றினால் நேராகப் போகும். இப்போது சுழன்றுகொண்டே திசை மாற்றும் கருவிகளும் வந்துவிட்டன. குழாய் இரும்புதானே, எப்படி வளையும் என்று கேட்பார்கள். கிலோமீட்டர் கணக்கில் நீளும்போது அது நன்றாகவே வளைந்துகொடுக்கும்.

இந்த யோசனை எப்போது வந்தது?

1934-ல், டெக்சாஸின் கான்ரோ எண்ணெய் வயலில். அங்கே ஒரு கிணறு பீறிட்டு, சுற்றியிருந்த தரையே குழிந்து பள்ளமாகி, கிட்டே போகவே முடியாத நிலை. ஜான் ஈஸ்ட்மன் என்பவர் தள்ளி நின்று சாய்வாகத் தோண்டிப் போய் அதை அடக்கினார். அதற்கு முன்பெல்லாம் சாய்த்துத் தோண்டுவது என்றாலே பக்கத்து நிலத்துக்காரன் எண்ணெயைத் திருடுகிற வேலை என்றுதான் ஒரு பேச்சு.

முதல் தடவையிலேயே பிடித்துவிடுவார்களா?

அபூர்வம். ஆஸ்திரேலியாவுக்கும் திமோருக்கும் இடையே உள்ள கடலில் 2009 ஆகஸ்ட் 21-ல் மொன்டாரா கிணறு பீறிட்டது. தாய்லாந்து அரசு எண்ணெய் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளைக்குச் சொந்தமானது. அந்த மேடைக்கு அருகே போகப் பயம். எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கலாம். எனவே வெஸ்ட் டிரைட்டன் என்ற ரிக்கைச் சிங்கப்பூரிலிருந்து இழுத்து வந்து, 2 கிலோமீட்டர் தள்ளி நிறுத்தித் தோண்டினார்கள். ரிக் வந்து சேர்ந்து தோண்ட ஆரம்பித்ததே செப்டம்பர் 14.

இலக்கு, கடல்தரைக்கு இரண்டரைக் கிலோமீட்டருக்கும் கீழே இருந்த 25 சென்டிமீட்டர் அகலக் கேசிங். அக்டோபர் 6-ல் முதல் முயற்சி தவறியது. தவறினால் என்ன செய்வார்கள்? தோண்டிய கடைசிப் பகுதியைச் சிமெண்டால் அடைத்துவிட்டு, கொஞ்சம் மேலே ஏறி வந்து வேறு கோணத்தில் மறுபடி தோண்டுவார்கள். அப்படி இரண்டு, மூன்று, நான்கு என்று தவறித் தவறி, நவம்பர் 1-ல் ஐந்தாவது முயற்சியில் தொட்டது. சேறு செலுத்தத் தொடங்கிய அன்றே மேலே பழைய மேடையில் தீப்பிடித்தது. செய்திகளில் அந்தத் தீதான் பெரிதாக வந்தது. நவம்பர் 3-ல் போதிய சேறு உள்ளே போனதும் கசிவு நின்றது, எரிய எதுவும் இல்லாமல் தீயும் அணைந்தது. மொத்தம் 74 நாள்.

ஒவ்வொரு தவறலும் முழு வீண் அல்ல. இலக்கை ஒரு பக்கமிருந்து கடந்து போகும்போது கிடைக்கும் அளவுகள் அடுத்த முறைக்குத் திசை சொல்லும். வேண்டுமென்றே ஒருமுறை பக்கவாட்டில் கடந்து போய் அளந்துகொண்டு திரும்பி வருவதும் உண்டு. ஆனால் கரையில் இருப்பவர்களிடம் இதையெல்லாம் சொல்லிச் சமாதானப்படுத்த முடியாது. இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காராவில் கடற்பாசி வளர்த்துப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வழக்குப் போட்டு, 2021-ல் தீர்ப்பு பெற்று, 2022-ல்தான் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு உடன்பாடு கண்டார்கள். கிணறு 74 நாளில் அடங்கியது, வழக்கு அடங்கப் பதின்மூன்று ஆண்டு.

ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது?

முதலில் ரிக் கிடைக்க வேண்டும். ரிக்குகள் சும்மா கட்டிப்போட்டு வைத்திருக்கும் படகுகள் அல்ல. வேறெங்கோ ஒப்பந்தத்தில் தோண்டிக்கொண்டிருப்பதை நிறுத்தி, அந்தக் கிணற்றைப் பத்திரமாக மூடி, அங்கிருந்து கிளம்பி வர வேண்டும்.

பிறகு ஒரு சாதாரணக் கிணற்றுக்கு ஆகும் வேலை அத்தனையும் உண்டு. கடைசிச் சில நூறு மீட்டரில்தான் வேகம் ஆமையாகிவிடும். கொஞ்சம் தோண்டு, நிறுத்து, கருவியை இறக்கி அள, கோணத்தைத் திருத்து, மறுபடி கொஞ்சம் தோண்டு. நடுவில் பிட் மாற்றவோ கேசிங் இறக்கவோ வேண்டுமென்றால் முழுக் குழாயையும் மேலே இழுக்க வேண்டும். மூன்று குழாய் சேர்ந்த ஒரு கண்ணி கிட்டத்தட்ட 28 மீட்டர். ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றி மேடையில் நிறுத்தி வைக்க வேண்டும். 5 கிலோமீட்டருக்கு அப்படி 180 கண்ணி. எல்லாவற்றையும் எடுத்து மறுபடி இறக்கினால் ஒரு நாளுக்கு மேல் போய்விடும்.

மகோண்டோவில் முதல் ரிலீஃப் கிணறு மே 2-ல் தொடங்கியது. பழைய கிணற்றைத் தொட்டது செப்டம்பர் நடுவில். நடுவே ஜூலையில் ‘போனி’ புயல் வந்ததால் துளையைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு ரிக் விலகிப் போக வேண்டியிருந்தது.

இரண்டு கிணறு ஏன் தோண்டுகிறார்கள்?

ஒன்று பழுதானால் இன்னொன்று. மகோண்டோவில் மே 16-ல் இரண்டாவதைத் தொடங்கினார்கள், பிறகு பாதியில் நிறுத்தி வைத்தார்கள். ஒருவேளை கசியும் வேகம் மிக அதிகமாக இருந்தால் ஒரே கிணற்றின் வழியே போதிய சேற்றைச் செலுத்த முடியாது. அப்போதும் இரண்டு தேவைப்படும்.

சரி, 2010-ல் கசிவை நிறுத்தியது ரிலீஃப் கிணறுதானே?

இல்லை. பலர் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். கசிவு நின்றது ஜூலை 15 அன்று. கிணற்றுத் தலையில் வால்வுகள் கொண்ட புதிய மூடி ஒன்றைப் பொருத்தி மெல்ல மெல்ல மூடினார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் கிணற்றின் தலைப்பகுதி வழியாகவே சேற்றையும் பிறகு சிமெண்டையும் செலுத்தினார்கள். இப்போது மேலே வாய் மூடியிருந்ததால் சேறு வெளியே ஓட வழியில்லை. மே மாதம் தோற்ற அதே யோசனை ஆகஸ்டில் சுலபமாக வென்றது.

அப்படியானால் ரிலீஃப் கிணற்றை ஏன் தொடர்ந்து தோண்டினார்கள்? கேசிங்கின் உட்புறம் அடைபட்டது உறுதி. ஆனால் கேசிங்குக்கும் பாறைக்கும் நடுவே உள்ள சந்து? அங்கே சிமெண்ட் போனதா, இல்லை எண்ணெய் சிக்கிக் கிடக்கிறதா என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அரசின் சார்பில் பொறுப்பேற்றிருந்த தாட் ஆலன், அடியில் போய்ப் பார்க்காமல் விடுவதில்லை என்று நின்றுவிட்டார். இலக்குக்கு மிக அருகில் ரிலீஃப் கிணறு வாரக்கணக்கில் காத்திருந்தது. அதற்குள் பழுதான பழைய பாதுகாப்பு வால்வுத் தொகுதியைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். அடியில் அழுத்தம் கொடுக்கும்போது மேலே எதுவும் பிய்த்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. பிறகுதான் தொட்டு, அந்தச் சந்தில் சிமெண்ட் இறக்கி, செப்டம்பர் 19-ல் கிணறு செத்தது என்று அறிவித்தார்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் பிடிவாதம் சரி. எண்ணெய் வெளியே தெரியாமல் இருப்பதும் கிணறு அடைபட்டிருப்பதும் ஒன்றல்ல. 2012-ல் வடகடலின் எல்ஜின் மேடையில் எரிவாயு கசிந்தபோதும் மேலிருந்து சேறு செலுத்தித்தான் நிறுத்தினார்கள், அப்போதும் ஒரு பக்கம் ரிலீஃப் கிணறு தோண்டிக்கொண்டே இருந்தார்கள். மேலே செய்வது பலிக்குமா என்பது செய்த பிறகுதான் தெரியும். பலிக்காவிட்டால் அன்றைக்குத் தோண்ட ஆரம்பிப்பது மடத்தனம்.

ரிலீஃப் கிணறே பீறிட்டால்?

நியாயமான பயம். அதுவும் அதே எண்ணெய்ப் படுகையை நோக்கித்தான் போகிறது. அதற்கும் பாதுகாப்பு வால்வுகள், சரியான எடையில் சேறு எல்லாம் உண்டு. தொடுவதற்குச் சற்று முன்பு கடைசிக் கேசிங்கை இறக்கிச் சிமெண்ட் பூசிவிடுவார்கள். தொட்டதும் அழுத்தம் தாறுமாறாக மாறினாலும் துளையின் சுவர் தாங்க வேண்டும் அல்லவா?

முன்கூட்டியே ஒரு ரிலீஃப் கிணறு தோண்டி வைக்கலாமே?

கேட்க நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு கிணற்றுக்கும் இன்னொரு கிணறு என்றால் செலவு இரட்டிப்பாகும். ஆபத்தும் இரட்டிப்பாகும் என்பது நிறுவனங்களின் வாதம். செலவு வாதத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஆபத்து வாதத்தில் நியாயம் இருக்கிறது.

நடுவழி ஒன்று உண்டு: கிணறு வேண்டாம், ரிக்காவது தயாராக இருக்கட்டும். ஆர்க்டிக் கடலில் கோடை முடிந்தால் பனி மூடிவிடும். கசிவு அதற்குள் நிற்காவிட்டால் அடுத்த கோடை வரை பனிக்கடியில் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே அதே பருவத்துக்குள் ரிலீஃப் கிணறு தோண்டி முடிக்க முடியும் என்று காட்ட வேண்டும் என்பது கனடாவின் நெடுநாள் கொள்கை. 2015-ல் ஷெல் நிறுவனம் அலாஸ்காவுக்கு அப்பால் தோண்டப் போனபோது இரண்டு ரிக்குகளைக் கொண்டுபோனது, ஒன்றுக்கு ஒன்று காவல். மற்ற கடல்களில் பெரும்பாலும் ‘எந்த ரிக், எங்கிருந்து, எத்தனை நாளில்’ என்று ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தால் போதும் என்ற நிலைதான். காகிதத்தில் இருக்கும் ரிக் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும்.

அணுகுண்டு வைத்து மூடலாம் என்று 2010-ல் பேசினார்களே?

சோவியத் யூனியன் அதைச் செய்தது. இன்றைய உஸ்பெகிஸ்தானில் உர்த்தாபுலாக் எரிவாயுக் கிணறு ஏறக்குறைய மூன்று ஆண்டு எரிந்துகொண்டிருந்தது. 1966 செப்டம்பர் 30-ல் நிலத்தடியில் 30 கிலோடன் குண்டை வெடித்தார்கள். பாறை நெருங்கிக் கிணற்றை நசுக்கியது, தீ அணைந்தது. ஆனால் அந்தக் குண்டைக் கொண்டுபோய் வைக்க, எரியும் கிணற்றுக்கு அருகே வரை ஒரு சாய்வுக் கிணறு தோண்ட வேண்டியிருந்தது! அவ்வளவு தூரம் போய்விட்டால் சேறு போதுமே. அமெரிக்க அரசு இந்த யோசனையை ஏற்கவில்லை.

எல்லாக் கசிவுக்கும் இது தீர்வா?

இல்லை. 2004-ல் ஐவன் சூறாவளியின்போது கடலடிச் சேற்றுச் சரிவு ஏற்பட்டு, லூசியானாவுக்கு அப்பால் டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் மேடை சாய்ந்தது. அதன் இருபதுக்கும் மேற்பட்ட கிணறுகளின் தலைப்பகுதி சேற்றில் புதைந்துவிட்டது. பக்கத்திலிருந்து கிணறு தோண்டிப் போய் 9 கிணறுகளை அடைத்தார்கள். கசிவு நிற்கவில்லை. 2019-ல்தான் கசியும் இடத்தின் மேல் எண்ணெயைச் சேகரிக்கும் அமைப்பு ஒன்றைப் பொருத்தினார்கள். எந்தக் கிணறு கசிகிறது என்றே தெளிவில்லாதபோது எதைப் போய்த் தொடுவது?

ஜாவாவில் 2006-ல் சிதோவார்ஜோ அருகே வெந்நீரும் சேறுமாகப் பொங்கத் தொடங்கியபோதும் ரிலீஃப் கிணறு தோண்டிப் பார்த்துக் கைவிட்டார்கள். பீறிடுவது ஒரு குழாயின் வழியாக இருந்தால்தான் இந்த வைத்தியம். நிலமே பிளந்து வழிந்தால் பலிக்காது.

வேலை முடிந்த பிறகு அந்த ரிலீஃப் கிணறு என்ன ஆகும்?

அதையும் சிமெண்டால் அடைத்துக் கைவிடுவார்கள். பல இடங்களில் சிமெண்ட் அடைப்புகளை வைத்து, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, கடைசியில் கடல்தரையில் இருக்கும் தலைப்பகுதியையும் எடுத்துவிடுவது வழக்கம். மகோண்டோவை நிரந்தரமாக அடைக்கும் வேலை 2010 நவம்பர் வரை நடந்தது. அதே படுகையில்தானே இருக்கிறது, அதிலிருந்து எண்ணெய் எடுத்தால் என்ன என்று அப்போதே சிலர் கேட்டார்கள். அந்த இரண்டு ரிலீஃப் கிணறுகளையும் அதற்குப் பயன்படுத்தவில்லை.